சித்தி பாதியில் நிறுத்திய கதை

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது எங்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாளாவது காராச்சேவு கிடைத்தது. அதற்குக் காரணம் சித்தியின் துக்கம். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது வெட்கமாக இல்லை. சேவு நன்றாக இருந்தது.

சித்தி என் அம்மாவின் ஒரே தங்கை. விஸ்வநத்தத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். சித்தப்பா அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தார். அந்த வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு நாள் முற்பகலில் அந்த அறை வெடித்தது. சித்தப்பாவை லாரியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. கல்யாணமாகி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. சித்தப்பாவுக்குத் தாய் தகப்பனும் இல்லை. காரியமெல்லாம் முடிந்ததும் அம்மா போய்ச் சித்தியைச் சிவகாசியில் எங்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

வந்த நாளிலிருந்து சித்தி ஒரே ஒரு கதையைத்தான் சொன்னாள். யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அதையே சொன்னாள். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது.

“அன்னைக்குக் காலைல நல்லாத்தான் கெளம்பிப் போனாக. ஆர்டர் நெறைய இருக்கு, வர நேரமாகும்னு சொன்னாக. நான் ரெண்டு நடை தண்ணிக்குப் போயிட்டு வந்து, சோத்தைப் போட்டுக்கிட்டு உக்காந்தேன்...”

இந்த இடம் வந்ததும் அம்மா குறுக்கே பாய்ந்து சித்தியின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொள்வாள். “போதும்டி, போதும். அதையே நெனைக்காத. நெனைச்சா போன உசுரு வந்துருமா?” என்று தானும் அழுவாள். அம்மாவுக்குத் தங்கை மேல் உயிர். தங்கை அழுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் சித்தியின் வாயைத் தன் சேலை முந்தானையாலேயே துடைத்து அடைத்துவிடுவாள்.

அப்பா வேறு மாதிரி. அவர் ஓர் அச்சாபீஸில் தீப்பெட்டி லேபிள் அடிக்கும் மிஷினை ஓட்டினார். நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் நிற்பவருக்குச் சித்தியின் மெல்லிய குரல் ஆகவில்லை. ‘அன்னைக்குக் காலைல’ என்று அவள் ஆரம்பித்ததுமே சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விடுவார். திரும்பும்போது கையில் சேவுப் பொட்டலம் இருக்கும். அதைச் சித்தியின் முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிடுவார். சித்தி தொடமாட்டாள். நானும் தம்பியும் தொடுவோம்.

ஆலங்குளத்துப் பக்கம் கரிசல் காட்டில் வெள்ளாமை பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மாமா, அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்தவர், வாரம் ஒருமுறை வந்து போவார். அவர் சித்தியைச் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காரும் இடம் வரைக்கும்கூட விடமாட்டார். விதி என்று தொடங்கி, பிறப்பு இறப்பு என்று போய், தன் உழவு மாடு செத்த கதையில் முடிப்பார். சித்தியின் கதையைவிட அவருடைய ஆறுதல் நீளம்.

பக்கத்து வீட்டு அத்தை ஒருத்தி உண்டு. அவள் கேட்பதாகத்தான் உட்காருவாள். ஆனால் பாதியிலேயே, “இதுக்கே இப்படிச் சொல்லுதியே, எங்க சின்னண்ணன் கெணத்துல விழுந்தப்போ...” என்று தன் கதையை எடுத்துவிடுவாள். கடைசியில் சித்திதான் அவளுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பவேண்டியிருக்கும்.

ஆக, எல்லோரும் அன்பானவர்கள். ஒருவர்கூடச் சித்தியை ஒதுக்கவில்லை, கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் சித்தி எத்தனை தரம் சொன்னாலும் அவளுடைய கதை, சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த இடத்தைத் தாண்டவே இல்லை.

அதற்கு அப்புறம் நடந்ததை அம்மா சொல்லுவாள். துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம், “சேதி கேட்டதும் எந்தங்கச்சி சோத்துக் கும்பாவை அப்படியே தள்ளிவிட்டுட்டு, தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு ஓடிருக்கா. அம்புட்டுப் பாசம் அவ புருசன் மேல” என்பாள். கேட்டவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அம்மா அன்று விஸ்வநத்தத்தில் இல்லை. இங்கே உட்கார்ந்து தீப்பெட்டிக்கு அடிப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். இருந்தாலும் நேரில் பார்த்தவள் போலவே சொல்லுவாள். அப்போதெல்லாம் சித்தி எதையோ சொல்ல வாயைத் திறப்பாள். பிறகு தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

சித்தியால் சாப்பிட முடியவில்லை. தட்டின் முன்னால் உட்காருவாள், பிசைவாள், ஒரு கவளத்தை வாய்வரை கொண்டுபோவாள். கை அங்கேயே நின்றுவிடும். சற்று நேரம் கழித்துக் கவளம் தட்டுக்கே திரும்பிவிடும். வடித்த கஞ்சியை இரண்டு வாய் குடிப்பதோடு சரி. வைகாசி முடிவதற்குள் அவள் கையில் கிடந்த பித்தளை வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

மாமாவுக்குப் பயம் வந்துவிட்டது. அவர் தன் ஊருக்கு அடுத்த ஊரில் இருந்த ஒரு கோடாங்கியிடம் போய்க் குறி கேட்டுக்கொண்டு வந்தார். நெருப்பில் அகாலமாகச் செத்தவன் தாகத்தோடு வந்து இவள் தொண்டையில் உட்கார்ந்திருக்கிறான், சோற்றை இறங்கவிடமாட்டேன் என்கிறான், அவனை இறக்கித்தான் ஆகவேண்டும் என்று கோடாங்கி சொன்னானாம். வருகிற வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்கள். ஒரு கறுப்புச் சேவலும் வாங்கியாயிற்று.

கோடாங்கி பேயிறக்குவதை நான் ஒருமுறை மாமா ஊரில் பார்த்திருக்கிறேன். ஒரு பெண்ணை நடுவில் உட்காரவைத்து, உடுக்கையை அவள் காதோரம் அடித்து, “யாரு நீ, சொல்லு, சொல்லு” என்று வேப்பங்குழையால் முகத்திலும் முதுகிலும் விளாசினான். கடைசியில் அவள் உச்சிமுடியை ஒரு கொத்தாகப் பிடுங்கிப் புளியமரத்தில் ஆணி அடித்து இறுக்கினார்கள். அந்தப் பெண் போட்ட சத்தத்தில் நான் மாமாவின் வேட்டிக்குள் ஒளிந்துகொண்டேன். அதேபோல் சித்தியின் முடியைப் பிடுங்கப்போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. சித்திக்கு நீளமான முடி. அதில் எந்த இடத்தில் பிடுங்குவார்கள் என்று அவள் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

புதன்கிழமை எனக்குக் காய்ச்சல் கண்டது. வியாழக்கிழமை காலையில் அம்மா என் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். வயிற்றில் நாலைந்து முத்துக்கள். ஆத்தா வந்துவிட்டாள்.

அம்மை கண்ட வீட்டின் சட்டங்கள் கடுமையானவை. வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அடுப்பில் தாளிப்பு நின்றது. கைக்குழந்தைபோல் அம்மாவை ஒட்டிக்கொண்டு திரிந்த தம்பியை அன்றைக்கே மாமா வந்து ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வெளியே போய்வருகிறவர் என்று அப்பா அச்சாபீஸிலேயே படுத்துக்கொண்டார். பெட்டி ஒட்டும் வேலையும் நின்றது. மிக முக்கியமாக, கோடாங்கி வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டான். ஆத்தா இருக்கிற வீட்டில் உடுக்கை தட்டினால் அவனுக்கு ஆகாதாம். மூன்று தண்ணீர் ஊற்றி ஆத்தாவை அனுப்பிவைத்த பிறகு வருகிறேன் என்றானாம். கறுப்புச் சேவல் பின்பக்கம் கட்டிக்கிடந்தது.

அம்மாவுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதில்லை. சித்திக்குப் போட்டிருந்தது, இடது கன்னத்தில் இரண்டு தழும்பு உண்டு. அதனால் என் பக்கத்தில் சித்திதான் இருக்கவேண்டும் என்று ஆயிற்று. பக்கத்து வீட்டு அத்தை வாசலுக்கு வெளியிலேயே நின்று, “தாலி இழந்தவ ஆத்தா பக்கத்துல இருக்கலாமாக்கா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டது உள்ளே எங்கள் இருவருக்கும் நன்றாகவே கேட்டது. அம்மா, “வேற யாரு இருக்கா? ஆத்தாளுக்குத் தெரியாததா?” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

இப்படியாக நானும் சித்தியும் பின்கட்டு அறையில் தனியானோம். வேப்பிலை பரப்பி அதன்மேல் வெள்ளை வேட்டி விரித்து என்னைக் கிடத்தியிருந்தார்கள். முதல் இரண்டு நாள் எனக்கு எதுவும் நினைவில்லை. மூன்றாம் நாள் அரிப்பு ஆரம்பித்தது.

அந்த அரிப்பை எப்படிச் சொல்வது? உடம்பு முழுக்க ஆயிரம் கட்டெறும்பை விட்டுவிட்டு, கையை மட்டும் கட்டிப்போட்டதுபோல. சொறிந்தால் தழும்பாகிவிடும், ஆத்தா கோபித்துக்கொள்வாள். சித்தி வேப்பங்கொழுந்துக் கொத்து ஒன்றை எடுத்து, தோளிலிருந்து முழங்கை, முதுகிலிருந்து இடுப்பு என்று மெல்ல மெல்ல வருடிக்கொடுத்தாள். அந்தச் சுகத்துக்கு ஈடாக அறுபது வயது கடந்த பிறகும் நான் வேறொன்றைக் கண்டதில்லை.

வருடிக்கொண்டே சித்தி தன் கதையைத் தொடங்கினாள்.

“அன்னைக்குக் காலைல நல்லாத்தான் கெளம்பிப் போனாக...”

தண்ணீருக்குப் போனாள். திரும்பி வந்தாள். சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அத்துடன் பேச்சு நின்றது. யாராவது குறுக்கே வருவார்கள் என்று அவளுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. பேச்சு நின்றதும் கையும் நின்றுவிட்டது. வேப்பங்கொத்து என் தோளில் அப்படியே கிடந்தது. எனக்கு உயிர் போனது.

“ம்... பெறகு?” என்றேன்.

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் வீட்டில் அவளிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. மறுபடியும், “அன்னைக்குக் காலைல...” என்று முதலிலிருந்தே தொடங்கினாள். கை அசைந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் நான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். சித்தி பேசினால் கை ஓடும். பேச்சு நின்றால் கை நிற்கும். பேச்சு ஓடவேண்டுமானால் நான் ஏதாவது கேட்கவேண்டும். கருணை என்று இதற்குப் பெயர் வைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு அரித்தது, அவ்வளவுதான்.

கேட்டேன். வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். தண்ணீருக்குப் போன கிணறு எங்கே இருக்கிறது? கயிறு யாருடையது? சித்தப்பா என்ன சட்டை போட்டுக்கொண்டு போனார்? சித்தி ஒவ்வொன்றுக்கும் நின்று யோசித்துச் சரியாகப் பதில் சொன்னாள். நீலக் கோடு போட்ட சட்டை. இரண்டாவது பித்தான் இல்லை. நூல் கோத்து வைத்திருந்தாள், தைக்க நேரமில்லை.

“சித்தப்பா காது மினுங்குமே, ஏன் சித்தி?” என்று ஒருமுறை கேட்டேன்.

அவருக்கு மருந்தில் கலக்கும் அலுமினியத் தூள் எத்தனை தேய்த்துக் குளித்தாலும் காதோரத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் அவர் மடியில் ஏறி அதைத் தொட்டு என் நெற்றியில் பொட்டு வைத்துக்கொள்வேன். அவர் செத்ததிலிருந்து வீட்டில் யாரும் அவரைப் பற்றி இப்படிப் பேசுவதில்லை. ‘பாவி’ என்பார்கள், ‘போனவன்’ என்பார்கள். அவருக்குக் காது இருந்தது என்பதையே மறந்துவிட்டார்கள்.

சித்தி சிரித்தாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. “காது மட்டுமா? தலகாணியே மினுங்கும். வெள்ளிக் கட்டில்ல படுத்திருக்கோம்னு சொல்லுவாக உங்க சித்தப்பா. காலைல எந்திரிச்சுப் பாத்தா எங்கன்னத்துலயும் ஒட்டிருக்கும்” என்றாள். பிறகு அந்தக் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அன்று அவள் நெடுநேரம் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னாள். அவர் கோழி மாதிரி உட்கார்ந்தபடியே தூங்குவதை, சினிமாவுக்குப் போனால் சண்டை வரும்போது கண்ணை மூடிக்கொள்வதை, கோபம் வந்தால் பேசாமல் விறகு பிளப்பதை. இது எதிலும் சாவு இல்லை. நான் ‘ம்’ கொட்டிக்கொண்டு, அவள் கை நிற்காமல் பார்த்துக்கொண்டேன்.

முதல் தண்ணீர் ஊற்றின மறுநாள். நல்ல உச்சி வெயில். அம்மா முன்பக்கத்தில் ஏதோ வேலையாக இருந்தாள். ஓட்டுச் சந்து வழியாக அறைக்குள் ஒரு வெயில் பட்டை விழுந்திருந்தது. எங்கோ தூரத்தில் வெடிச் சோதனை போட்டார்கள். டப், டப் என்று இரண்டு சத்தம். எங்கள் ஊரில் அது தினமும் கேட்பதுதான். சித்தியின் கை ஒரு கணம் நின்று, பிறகு ஓடியது.

“அன்னைக்குக் காலைல நல்லாத்தான் கெளம்பிப் போனாக” என்றாள். நாலைந்து நாளைக்குப் பிறகு பழையபடி தொடங்கினாள். “...சோத்தைப் போட்டுக்கிட்டு உக்காந்தேன்.”

“பெறகு?”

“மொத நா ராத்திரி சோறு பத்தல. இருந்ததை அவுகளுக்குப் போட்டுட்டு நான் தண்ணியைக் குடிச்சிட்டுப் படுத்துட்டேன். காலைலயும் வேலை சரியாப் போச்சு. அதான் ரெண்டு நடை தண்ணி எடுத்துட்டு, கண்ணு இருட்டிட்டு வந்துச்சு, உக்காந்தேன்.”

“ம்.”

“பாதி சாப்பிட்டிருப்பேன். வெடிச்ச சத்தம் கேட்டுச்சு. அது எந்நேரமும் கேக்கதுதான. செத்த நேரத்துல சைக்கிள்ல ஒரு ஆளு வந்து வாசல்ல நின்னுச்சு. ஏத்தா, கம்பெனில வெடிச்சிருச்சு, உடனே கெளம்பி வான்னுட்டு, அடுத்த வீட்டுக்குச் சொல்லப் போயிருச்சு. எம்முகத்தைக்கூட அது பாக்கல.”

“பெறகு?”

கை நின்றுவிட்டது. ஆனால் இந்தத் தடவை பேச்சு நிற்கவில்லை.

“கும்பாவுல இன்னும் நாலு வாய் இருந்துச்சுடி. நான் எந்திரிக்கல. அந்த நாலு வாயையும் தின்னேன். அள்ளி அள்ளித் தின்னேன். உப்புக்கூடச் சரியா இருந்துச்சு, அது தெரிஞ்சுது எனக்கு. தின்னுட்டுக் கையைக் கழுவி, கும்பாவையும் கழுவிக் கவுத்தி வச்சிட்டுத்தான் போனேன்.”

முன்பக்கம் கேட்டுவிடாதபடி மிகத் தாழ்ந்த குரலில் சொன்னாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதோ சொல்லவேண்டும் என்று தெரிந்தது. அம்மை கண்டு பத்து நாளாக உப்பில்லாத கஞ்சியையும் இளநீரையும் தவிர வேறெதையும் கண்ணால் காணாத நிலையில் எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

“தொட்டுக்கிட என்ன சித்தி?”

சித்தியின் வாய் திறந்தபடி நின்றது.

“என்னது?”

“சோத்துக்கு. தொட்டுக்கிட என்ன வச்சிருந்தீக?”

சித்தி சின்னப் பிள்ளை வாத்தியாருக்குப் பதில் சொல்வதுபோல், “சுட்ட கருவாடு. ரெண்டு வெங்காயம்” என்றாள்.

எனக்கு வாயில் நீர் ஊறியது. “ரொம்பப் பசியா?” என்றேன்.

“ஆமாடி. ரொம்பப் பசி. ரொம்ப ரொம்பப் பசியா இருந்துச்சு எனக்கு.”

அதைச் சொன்னதும் அவள் அழுதாள். அதுவரை அவள் அழுது நான் பார்த்த அழுகை எல்லாம் ஒப்பாரி மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. மூக்கு ஒழுக, வாய் கோண, விக்கி விக்கி, அடிபட்ட குழந்தை அழுகிற மாதிரி அழுதாள்.

“நான் போயிச் சேந்தப்போ லாரி அப்பத்தான் போச்சுன்னாக. உசுரோடதான் போனாகளாம். தண்ணி கேட்டாகளாம்” என்றாள். “நாலு வாய் திங்க எம்புட்டு நேரம்டி ஆகும்?”

நான் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். சாப்பாட்டில் நான் மகா மந்தம். “எனக்குன்னா ரொம்ப நேரம் ஆகும். அம்மா வையும்” என்றேன். “பசிச்சா சீக்கிரம் தின்னுருவேன்.”

சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். முத்துக்கள் காய்ந்துவரும் கை, வலித்தது. அவள் மேலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு மெல்ல ஏமாற்றம் தட்டியது. இத்தனை நாள் காத்திருந்ததற்கு, அந்தக் கும்பாவிலிருந்து ஒரு பாம்பாவது வந்திருக்கலாம், சைக்கிளில் வந்தவன் முனியாகவாவது இருந்திருக்கலாம். பசித்திருக்கிறது, சாப்பிட்டிருக்கிறாள். இதுதானா கதை? வெயில் பட்டை சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. நான் தூங்கிவிட்டேன்.

எழுந்தபோது பக்கத்தில் சித்தி இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அடுக்களைக் கதவோரம் அம்மா நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்தது. உள்ளே சித்தி முதுகைக் காட்டி உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள். மெதுவாக, ஒவ்வொரு வாயாக, இடையிடையே நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு.

ஆத்தா செய்த அற்புதம் என்றாள் அம்மா. பேச்சியம்மனுக்கும் மாரியம்மனுக்கும் தனித்தனியாக வேண்டிக்கொண்டாள். மூன்றாம் தண்ணீர் ஊற்றியபின் வந்த மாமா, கோடாங்கி நாள் குறித்ததுமே அது பயந்து இறங்கிவிட்டது என்றார். பக்கத்து வீட்டு அத்தை, தான் சொல்லித்தான் கிழக்குப் பார்த்த வேம்பில் கொழுந்து ஒடித்தார்கள் என்று தெருவில் சொல்லிக்கொண்டாள். அப்பா சேவுப் பொட்டலத்தைச் சித்தியின் முன்னால் வைத்தார். அவள் இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டதைப் பார்த்துவிட்டு அவசரமாக வெளியே போய்த் தெருவில் நின்று மூக்கைச் சிந்தினார்.

கறுப்புச் சேவல் தப்பித்தது என்று சொல்ல ஆசைதான். மாமா அதை இருக்கன்குடி மாரியம்மனுக்குப் பலி கொடுக்கக் கொண்டுபோய்விட்டார்.

சித்திக்கு அன்றோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அதற்குப் பிறகும் பல நாள் அவள் வேலையின் நடுவே அப்படியே நின்றுவிடுவாள். ஒரு முறை துவைத்த துணியைப் பிழிந்துகொண்டே பாதியில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஆனால் ‘அன்னைக்குக் காலைல’ என்று அவள் தொடங்கி நான் அப்புறம் கேட்கவில்லை. விசாரிக்க வருகிறவர்களிடம் அம்மா கும்பாவைத் தள்ளிவிட்டு ஓடிய கதையைச் சொன்னபோது ஒரு நாள், “ஓடலக்கா. நடந்துதான் போனேன்” என்று மட்டும் சொன்னாள். அம்மா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

சித்தி அந்த அறையில் என்னிடம் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ரகசியம் காத்தேன் என்று பெருமைப்பட்டுக்கொள்ள வழியில்லை. அதில் ரகசியம் இருப்பதே எனக்குத் தெரியாது.

ஆவணி பிறந்ததும் விஸ்வநத்தத்துக்கே போகிறேன் என்று சித்தி சொன்னாள். மாமா குதித்தார். தனியாக ஒரு பொம்பளை அங்கே எப்படி இருப்பது, ஊர் என்ன பேசும் என்றார். அவர் விதியில் தொடங்கி மாட்டில் முடிக்கும்வரை சித்தி பொறுமையாக உட்கார்ந்து கேட்டாள். கேட்டுவிட்டு, “என் வீடு அங்கனதான இருக்குண்ணே” என்றாள். அங்கே தெருப் பெண்கள் கூட்டாக வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டும் வேலைக்குத் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னாள்.

அம்மாவும் நானும் வழியனுப்பப் போனோம். சித்தியிடம் ஒரு தகரப் பெட்டியும் ஒரு துணி மூட்டையும் இருந்தன. பஸ் வந்து நின்று ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தபோது அம்மா வழக்கம்போல் அழ ஆரம்பித்தாள். “ஒன்னை இங்கன வச்சு நாங்க என்னத்தடி செஞ்சோம், ஒரு சேலைகூட எடுத்துக் குடுக்கல” என்றாள்.

சித்தி சிரித்துக்கொண்டே என் கன்னத்தில் கையை வைத்தாள்.

“என்னக்கா இப்படிச் சொல்லுத? இவ கேட்டாள்ல. அதுவே எனக்குப் போதும்” என்றாள்.

சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள். பஸ் திருப்பத்தில் மறையும்வரை அம்மா கையசைத்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

சொந்தக்காரர்களிடம் வாயைத் திறந்து எதையும் கேட்கக்கூடாது என்பது எங்கள் வீட்டில் அம்மா போட்ட சட்டம். மிட்டாய் கேட்டாலும் அடி விழும். ரிப்பன் கேட்டாலும் அடி விழும். அதிலும் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்திருப்பவளிடம் கேட்டால் என்ன ஆகும்?

“ஏண்டி, சித்திகிட்ட என்ன கேட்ட?”

“நான் ஒண்ணும் கேக்கல.”

“அவ சொல்லுதாள்ல, கேட்டேன்னு. வளையல் கேட்டியா? பாவாடை கேட்டியா?”

“சத்தியமா ஒண்ணும் கேக்கலம்மா.”

அம்மா நம்பவில்லை. தொடையில் திருகிவிட்டாள். எனக்கு வலியைவிட அநியாயம்தான் பெரிதாகத் தெரிந்தது. நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒரு மிட்டாய், ஒரு ரிப்பன், ஒரு காலணாகூட அவளிடம் நான் கேட்டதில்லை. அப்படியிருக்க, அம்மாவின் முன்னால் என்னைப் பற்றி இப்படி ஒரு பொய்யை எதற்காகச் சொல்லிவிட்டுப் போகவேண்டும்? அதுவும் சிரித்துக்கொண்டே? வீடு போய்ச் சேரும்வரை அழுதுகொண்டே நடந்தேன். தெருமுனை வந்ததும், யாருக்கும் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் சுண்டுவிரலை நீட்டி, சித்தியோடு கா விட்டேன்.